பிலிம் ரோல் வாங்கி ஆன்லைனில் விற்க: அடக்கம் முதல் கூரியர் வரை

அமெரிக்காவின் பெரிய கேமரா கடை ஒன்றின் தளத்தில் 36 எக்ஸ்போஷர் (36 படம் எடுக்கும்) கலர் ரோல் 9 டாலர். இங்கே இன்ஸ்டாகிராமில் அதே ரோல் 1,450 ரூபாய். டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்தால் வித்தியாசம் 640 ரூபாய். இந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் பலரும் பிலிம் வாங்கி விற்க இறங்குகிறார்கள். அந்த 640 ரூபாயில் கையில் எவ்வளவு நிற்கும் என்பதை ஒரு பைசா விடாமல் எழுதிப் பார்க்காமல் முதல் ஆர்டர் போடாதீர்கள். கீழே வரும் விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் கொள்முதல் அன்றைய விலையை அதே இடங்களில் போட்டுப் பாருங்கள்.

அடக்கம் எவ்வளவு

50 ரோல், 450 டாலர், 40,500 ரூபாய். டப்பா, அட்டையோடு ஒரு ரோல் ஏறக்குறைய 35 கிராம். பெட்டியும் சேர்த்து 2 கிலோ பார்சல். சர்வதேச கூரியர் 60 டாலர், அதாவது 5,400 ரூபாய். சுங்கத் துறை சரக்கின் விலைக்கு மட்டும் வரி போடாது. கூரியர் கட்டணத்தையும் காப்பீட்டையும் சேர்த்த தொகைக்குத்தான் போடும். காப்பீட்டை விட்டுவிட்டால் 45,900 ரூபாய்.

சுருளாக வரும் பயன்படுத்தாத பிலிமுக்குச் சுங்கத் தலைப்பு எண் 3702. அடிப்படைச் சுங்கவரி 10 சதவீதம் என்று வைப்போம் (விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறக்கூடியது, ஆர்டர் போடும் அன்று பாருங்கள்): 4,590. அதன் மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரி: 459. இந்த மூன்றையும் கூட்டிய 50,949-க்கு 18 சதவீத ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி.): 9,171. கூரியர்காரர் வரியை முன்கூட்டிக் கட்டி சரக்கை விடுவித்ததற்கு 1,500. கார்டில் டாலர் கட்டியதற்கு வங்கி பிடிக்கும் மூன்று சதவீதம் 1,377. மொத்தம் 62,997 ரூபாய், ரோலுக்கு 1,260.

ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் 9,171 ரூபாயை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். அப்போது அடக்கம் ரோலுக்கு 1,077. பலருக்கும் தடுக்கி விழும் இடம் இதுதான். பார்சல் உங்கள் தனிப்பட்ட பெயரில் வந்து, சுங்க ஆவணத்தில் ஜி.எஸ்.டி. எண் ஏறாமல் போனால் அந்த வரி திரும்ப வராது. ரோலுக்கு 183 ரூபாய் போச்சு. கீழே வரப்போகும் லாபமே ரோலுக்கு 152 ரூபாய்தான் என்பதால் மொத்த வியாபாரமும் அங்கேயே முடிந்துவிடும். ஆகவே பார்சல் கிளம்பும் முன்பே கூரியர் நிறுவனத்தில் இறக்குமதி–ஏற்றுமதிக் குறியீடு, ஜி.எஸ்.டி. எண், பான் மூன்றையும் பதிந்து வைத்துவிடுங்கள். குறியீட்டை வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத் தளத்தில் 500 ரூபாய் கட்டி எடுக்கலாம். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரங்களைச் சரிபார்த்து உறுதி செய்யாவிட்டால் அது முடங்கிவிடும். ஆகஸ்டில் பார்சல் சுங்கத்தில் நிற்கும்போதுதான் அது தெரியவரும்.

அனுப்புகிறவரிடம் "கிஃப்ட் என்று போடுங்கள், விலையைக் குறைத்துப் போடுங்கள்" என்று கேட்காதீர்கள். சட்டப்படி தவறு. தவிர, பார்சல் தொலைந்தால் காப்பீடு அந்தக் குறைந்த விலைக்குத்தான் கிடைக்கும். ஊருக்கு வரும் உறவினர் பெட்டியில் 50 ரோல் போட்டுக் கொண்டுவரச் சொல்வதும் தீர்வல்ல. பயணிகளுக்கான வரி விலக்கு சொந்த உபயோகப் பொருளுக்குத்தான், விற்பனைச் சரக்குக்கு இல்லை.

இனி விற்பனைப் பக்கம். 1,450 ரூபாயில் 18 சதவீத ஜி.எஸ்.டி. உள்ளடக்கம், அதை எடுத்தால் 1,229. அடக்கம் 1,077 போக மிச்சம் 152. 640 ரூபாய் என்று பார்த்தது இவ்வளவுதான்.

ரோலுக்குப் பார்க்காதீர்கள், பார்சலுக்குப் பாருங்கள்

ஒரு ரோல் ஆர்டர் வருகிறது, கூரியர் செலவு உங்களுடையது. பேமென்ட் கேட்வே இரண்டு சதவீதம், 29 ரூபாய். அட்டைப்பெட்டி, குமிழ் உறை, லேபிள் 25. கூரியர் 70. 152-இல் இவை போக மீதி 28 ரூபாய்.

அதே வாடிக்கையாளர் ஐந்து ரோல் எடுத்தால்? மிச்சம் 759. கேட்வே 145, பேக்கிங் 35, கூரியர் அதே 70. மீதி 509 ரூபாய். மூன்று ரோல் என்றால் 268. கூரியரின் முதல் அடுக்கு 500 கிராம் வரை. ஒரு ரோல் போனாலும் பத்து ரோல் போனாலும் கட்டணம் ஒன்றுதான். கொண்டுவந்த 50 ரோலும் ஒவ்வொன்றாகப் போனால் 50 பார்சல் கட்டி 1,400 ரூபாய். ஐந்தைந்தாகப் போனால் 10 பார்சலில் 5,090 ரூபாய். சரக்கும் விலையும் அதேதான்.

ஆகவே விற்பனைப் பக்கத்தை அமைக்கும்போதே இரண்டு மூன்று காரியங்களைச் செய்துவிடுங்கள். இலவச கூரியரை மூன்று ரோலுக்கு மேல் மட்டும் கொடுங்கள். ஒரு ரோலுக்கு 70 ரூபாய் தனியே காட்டுங்கள். ஐந்து ரோலுக்கு ரோல் ஒன்றுக்கு 20 ரூபாய் தள்ளுபடி கொடுத்தாலும் 420 ரூபாய்க்கு மேல் நிற்கும், அதனால் தாராளமாகக் கொடுக்கலாம். கலவைப் பொதி நன்றாகப் போகும்: இரண்டு கலர், இரண்டு கருப்பு வெள்ளை, ஒன்று மலிவான பரீட்சை ரோல். பெரிய கடைகள் பெரும்பாலும் ஒரே ரகத்தை மூன்றும் ஐந்துமாகத்தான் பொதி போடுகின்றன. ரகம் கலந்த பொதி கட்ட அவர்கள் கிடங்கு அமைப்பு இடம் கொடுக்காது, உங்களுக்கு அது ஐந்து நிமிட வேலை.

பெட்டி அளவிலும் காசு இருக்கிறது. கூரியர்காரர் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வரும் எடையையும் பார்ப்பார். 20-க்கு 12-க்கு 8 பெட்டி 384 கிராம். பத்து ரோல் அடங்கும், முதல் அடுக்கிலேயே போகும். கைக்குக் கிடைத்தது என்று 30-க்கு 20-க்கு 15 பெட்டியில் போட்டால் 1.8 கிலோ, இரண்டு கிலோ கட்டணம்.

பெரிய ஆன்லைன் சந்தைத் தளங்களில் இதே ரோலை வைத்தால் என்ன ஆகும்? கமிஷன் 13 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலே 188 ரூபாய். மிச்சமே 152 என்பதால் ஒவ்வொரு விற்பனையும் நஷ்டம். இதற்கு மேல் தளம் 0.5 சதவீத ஜி.எஸ்.டி.யையும் 0.1 சதவீத வருமான வரியையும் பிடித்து வைக்கும். இவை பிறகு உங்கள் கணக்கில் வரவாகும் என்றாலும் அதுவரை முதல் முடங்கும். சந்தைத் தளத்தில் வைக்க ஏற்றவை வேறெங்கும் கிடைக்காத ரகங்கள் மட்டுமே. எல்லோரிடமும் இருக்கும் ரோலைச் சொந்தத் தளத்திலும் வாட்ஸாப்பிலும் விற்றுக்கொள்ளுங்கள்.

பெரிய கடையோடு எங்கே மோதக்கூடாது

பெரிய கடை பிலிமில் பிழைப்பதில்லை. டிரைபாடும் லென்ஸும் வாங்க ஆள் வரவழைக்கும் சரக்காக அதை வைத்திருக்கிறது. உற்பத்தியாளரிடமோ விநியோகஸ்தரிடமோ பேலட் கணக்கில் எடுக்கிறது, கூரியரோடு ஆண்டு ஒப்பந்தம் வைத்திருக்கிறது, அடக்கத்துக்கே விற்றாலும் அசராது. நீங்கள் அதன் சில்லறை விலைக்கு வாங்கி அதோடே விலையில் போட்டி போட முடியாது. ஒரு பிரபல ரகம் அவர்களிடம் ஸ்டாக் இருக்கும்வரை உங்கள் விலைக்கு உச்சவரம்பை அவர்கள்தான் எழுதுகிறார்கள்.

மேலே போனாலும் கதவுகள் குறைவு. இந்தியாவில் இப்போது பிலிம் செய்ய ஆளில்லை. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967 முதல் 'இந்து' பிராண்டில் செய்துகொண்டிருந்தது, ஆலை மூடப்பட்டுவிட்டது. உலகளவிலும் விரல்விட்டு எண்ணலாம்: கோடக் பிலிம் நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டரில், இல்ஃபோர்டும் கென்ட்மியரும் இங்கிலாந்தின் மாபர்லியில் ஹார்மன் ஆலையில், ஃபோமாபான் செக் நாட்டின் ஹ்ராடெக் க்ராலோவேயில். ராசெஸ்டரில் 2024 நவம்பரில் புதுப்பிப்புக்காகச் சில வாரம் உற்பத்தியை நிறுத்தினார்கள். ஒரு ஆலை நின்றால் உலகம் முழுக்கக் கடை அலமாரியில் தெரியும். 2021, 2022 தட்டுப்பாட்டில் கலர் ரோல் விலை பறந்ததைப் பார்த்துப் பதுக்கியவர்கள் உண்டு. ஸ்டாக் திரும்பியதும் அந்த ரோல்கள் அடக்கத்துக்குக் கீழே போயின. நீங்கள் இந்திய இறக்குமதியாளரிடம் வாங்கியதாக இருந்தால் பதுக்கலுக்கு வேறொரு தடையும் உண்டு: பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் சட்டமீறல்.

இந்திய விநியோகஸ்தரிடம் கணக்குத் தொடங்க ஜி.எஸ்.டி. எண், குறைந்தபட்ச ஆர்டர், பெரும்பாலும் முன்பணம் தேவை. அவர் சொல்லும் ஜி.எஸ்.டி. நீங்கிய விலையை 1,077-ஓடு ஒப்பிடுங்கள். ஐந்து சதவீதம் வரை கூடுதலாக இருந்தாலும் உள்நாட்டில் வாங்குவதே மேல். மூன்று நாளில் சரக்கு வரும், போட்ட பணம் மூன்று வாரம் சுங்கத்தில் தூங்காது, கெட்டுப்போன ரோலுக்குப் பதில் ரோல் கேட்க ஓர் ஆள் இருப்பார். இறக்குமதியை அவரிடம் இல்லாத ரகங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கோடக்கின் போர்ட்ரா போன்ற தொழில்முறை ரகங்கள் ஐந்து ரோல் பொதியாக வரும். பிரித்து ஒற்றை ரோலாக விற்பது சின்னக் கடையின் இயல்பான வேலை. ஆனால் உள்ளிருக்கும் ரோலுக்குத் தனி அட்டை கிடையாது. வெறும் டப்பா, 120 (அகலமான பிலிம்) என்றால் வெறும் உறை. சட்ட அளவையியல் விதிகள் (2011) கேட்கும் விலை, இறக்குமதியாளர் அல்லது பொதி செய்தவர் பெயர், முகவரி, தயாரான நாடு, மாதம்–ஆண்டு, எண்ணிக்கை, புகார் எண் ஆகியவற்றோடு உங்கள் லேபிளை ஒட்டவேண்டும். வெளி அட்டையில் உள்ள எமல்ஷன் எண்ணையும் (எந்தத் தயாரிப்புத் தொகுப்பு என்று காட்டும் எண்) காலாவதித் தேதியையும் படமெடுத்துப் பக்கத்தில் போடுங்கள். அட்டை இல்லாத ரோலைப் பார்த்தால் வாங்குகிறவருக்கு முதலில் வருவது சந்தேகம்.

100 அடியிலிருந்து சுற்றுவது

100 அடி நீளப் பிலிமைக் கேனாக (டின்) வாங்கி, வெற்றுக் கேசட்டுகளில் நீங்களே சுற்றி விற்பதைச் சொல்கிறேன். பெரிய கடைக்குக் கட்டுப்படியாகாத, உங்களுக்குக் கட்டுப்படியாகும் வேலை இது ஒன்றுதான் என்று சொல்லலாம், கூலி உங்களுடையது என்பதால்.

100 அடி என்பது 30.5 மீட்டர். ஒரு பிரேமுக்கு எட்டுத் துளை, 38 மில்லிமீட்டர். 36 பிரேமுக்கு 1.37 மீட்டர், முன்னால் கேமராவில் கோக்கும் லீடர், பின்னால் ஸ்பூலில் ஒட்டும் முனை, வீணாகும் இரண்டு மூன்று பிரேம் சேர்த்து 1.65 மீட்டர். ஒரு கேனில் 18 ரோல் வரும். விற்பனைக்கு 17 என்று வையுங்கள், ஒன்றை நீங்களே சோதனைக்கு எடுக்கவேண்டும். கேன் அடக்கம் 9,000 ரூபாய் என்றால் ரோலுக்கு 529, கேசட், டப்பா, லேபிள் 75, ஆக 604. ஆலையில் பொதி செய்த அதே ரகம் 750-க்கு அடங்குகிறது என்றால் ரோலுக்கு 146 மிச்சம், கேனுக்கு 2,482. வேலை இரண்டு மணி நேரம்.

முழு இருட்டில் அல்லது சேஞ்சிங் பேக்குக்குள் (கையை மட்டும் நுழைக்கும், வெளிச்சம் புகாத பை) கேனைத் திறந்து பிலிமை பல்க் லோடரில் (நீளப் பிலிமைக் கேசட்டில் சுற்றும் பெட்டி) மாட்டி, முனையை வாசல் வழியாக வெளியே இழுத்து மூடி, அதன் பிறகுதான் விளக்கு. வெளியே நீட்டிய முனையைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டி, ஸ்பூலின் இருபக்கமும் வருகிற மாதிரி பேப்பர் டேப்பால் ஒட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் மோட்டார் உள்ள கேமராவில் கடைசி பிரேமில் பிய்த்துக்கொண்டு வரும், பிலிம் முழுக்கக் கேமராவுக்குள் நிற்கும், வாடிக்கையாளர் பின்கதவைத் திறந்து எல்லாவற்றையும் வெளிச்சத்துக்குக் காட்டிவிடுவார். கேசட்டை மூடி லோடரில் பொருத்தி, லோடரின் மூடியையும் போட்டு, வாசலைத் திறந்து சுற்றுங்கள். எண் 38 வரை போகட்டும். வாசலை மூடிவிட்டு, மூடியைத் திறந்து, வெட்டுங்கள்.

ஸ்பூலில் ஒட்டும்போது வெளிச்சம் பட்ட அந்த நான்கைந்து சென்டிமீட்டர் ரோலின் கடைசியில் வரும். 36-ஐத் தாண்டி எடுக்கிறவர்களுக்குக் கடைசிப் படம் நெகட்டிவில் கருத்துப்போகும். "36-இல் நிறுத்துங்கள்" என்று லேபிளிலேயே அச்சிடுங்கள், பாதிப் புகார் நின்றுவிடும்.

படம் முழுக்க நீளவாக்கில் மெல்லிய கோடு விழுந்தால் கேசட் வாயில் உள்ள வெல்வெட்டில் மண் இருக்கிறது என்று அர்த்தம். கேசட்டை இரண்டு மூன்று தடவைக்கு மேல் திரும்ப நிரப்பாதீர்கள். ஏசி அறையில் வேகமாகச் சுற்றினால் காய்ந்த காற்றில் நிலைமின் பொறி கிளம்பி, மரக்கிளை மாதிரி சின்னச் சின்ன மின்னல் கீற்று பதியும். மெதுவாகச் சுற்றுவதே மருந்து.

லேபுகளில் தூக்கிப்போடும் பழைய கேசட்டுகளை வாங்கி, வாயில் நீட்டியிருக்கும் துண்டில் புதுப் பிலிமை ஒட்டிச் சுற்றுகிறவர்கள் உண்டு. செலவு கிட்டத்தட்டப் பூஜ்யம். ஆனால் கேசட் உடம்பில் உள்ள டி.எக்ஸ். கட்டங்கள் பழைய ரோலின் வேகத்தைத்தான் (ஐ.எஸ்.ஓ. எண்) கேமராவுக்குச் சொல்லும். 200 கேசட்டில் 400 பிலிம் போட்டால் தானியங்கிக் கேமரா எல்லாப் படத்தையும் ஒரு ஸ்டாப் கூடுதலாக, அதாவது இரு மடங்கு வெளிச்சத்தில், எடுக்கும். கட்டங்களை லேபிளால் முழுக்க மூடினால் பெரும்பாலான தானியங்கிக் கேமராக்கள் 100 என்று எடுத்துக்கொள்ளும், அது இன்னும் மோசம். ஆகவே வேகம் பொருந்தும் கேசட்டை மட்டும் பொறுக்கி எடுங்கள், அல்லது கையால் வேகம் வைக்கும் கேமராக்களுக்கு மட்டும் என்று எழுதி விற்றுவிடுங்கள்.

சினிமா பிலிமைச் சுற்றி விற்பதில் லாபம் கூடுதல். 400 அடி கேனில் 70 ரோலுக்கு மேல் கிடைக்கும். பொறுப்பும் அதற்கேற்பக் கூடுதல். கோடக் விஷன்3 பிலிமின் பின்புறம் ரெம்ஜெட் என்ற கரிப்பூச்சு உண்டு. விஷயம் தெரியாத ஒருவர் அதைத் தெருமுனை லேபில் கலர் நெகட்டிவ் கழுவும் சாதாரண சி-41 மெஷினில் கொடுத்தால் கரி கழன்று ரசாயனத்தில் கலந்து, அன்று அந்த மெஷினில் போன மற்றவர்கள் படத்தையும் கெடுக்கும். 2025-இல் கோடக் ரெம்ஜெட் இல்லாத விஷன்3-ஐக் கொண்டுவரத் தொடங்கியது, எனவே சந்தையில் இப்போது இரண்டும் கலந்து ஓடுகின்றன. இரண்டையும் ஒரே பெயரில் விற்காதீர்கள். ரெம்ஜெட் உள்ளதா, இல்லையா, இ.சி.என்.-2 (சினிமா பிலிமைக் கழுவும் முறை) செய்யும் லேப் எது என்று கேசட் மேலேயே தெரியவேண்டும், பெட்டியில் எழுதினால் போதாது. லேபுக்குப் போவது கேசட் மட்டும்தான். உற்பத்தியாளரின் லோகோவை உங்கள் லேபிளில் போடாமல், உள்ளே என்ன பிலிம் என்பதை எழுத்தில் மட்டும் சொல்லுங்கள்.

வெயிலும் எக்ஸ்ரேயும்

பிலிம் தூசி தட்டி வைத்தால் போதும் என்கிற சரக்கல்ல. திறக்காத ரோலை 21 செல்சியஸுக்குக் கீழே வைக்கச் சொல்கிறது கோடக். சென்னையிலும் மதுரையிலும் ஆண்டில் பெரும்பாலான நாள் அலமாரி அதற்கு மேல்தான் இருக்கும். ஆகவே ஃபிரிட்ஜ் முதலீட்டின் ஒரு பகுதி. ஜிப் பையில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு, பையில் வந்த தேதியையும் எமல்ஷன் எண்ணையும் எழுதி, பழையது முன்னால் வருகிற மாதிரி அடுக்குங்கள். பேக் செய்யும் முன் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பையைத் திறக்காமல் இரண்டு மணி நேரம் வெளியே வையுங்கள். குளிர்ந்த டப்பாவை உடனே திறந்தால் பிலிமின் மேல் நீர் பூக்கும். இதை வாங்குகிறவருக்கும் ஒரு துண்டுச்சீட்டில் சொல்லுங்கள்.

சனிக்கிழமை அனுப்பிய பார்சல் ஞாயிறு முழுக்கத் தகரக் கூரைக் கிடங்கில் கிடக்கும். கோடையில் திங்களும் செவ்வாயும் மட்டும் அனுப்புவது நல்ல பழக்கம்.

விமானத்தில் போகும் கூரியர் எக்ஸ்ரேயைத் தாண்டித்தான் போகும். 100, 200, 400 வேகப் பிலிம் சக்தி குறைந்த சாதாரண ஸ்கேன் ஒன்றிரண்டைத் தாங்கும். 800-க்கு மேல் போனால் ஆபத்து. இல்ஃபோர்ட் டெல்டா 3200 போன்றவற்றை விமானச் சரக்காக வாங்கி வைப்பது சூதாட்டம். புதிய சி.டி. வகை ஸ்கேனர்கள் ஒரே தடவையிலேயே கெடுத்துவிடும். "எக்ஸ்ரே செய்யாதீர்" என்ற ஸ்டிக்கரை யாரும் மதிப்பார்கள் என்று நம்பாதீர்கள். உள்நாட்டில் வேக ரோல்களைத் தரைவழிச் சேவையில் அனுப்புங்கள்: இரண்டு நாள் கூடும், கட்டணமும் குறையும்.

காலாவதி ரோல், நின்றுபோன ரகம்

விலையை நீங்களே எழுதக்கூடிய ஒரே அலமாரி இது, ஏனென்றால் பெரிய கடையில் இந்தச் சரக்கு இருக்காது. ஃபூஜியின் இன்ஸ்டன்ட் பிலிம் எஃப்.பி.-100சி 2016-இல் நின்றது, அவர்களின் கலர் நெகட்டிவ் புரோ 400எச் 2021-இல் நின்றது. இரண்டையும் இன்றும் தேடுகிறார்கள். கோடக்கின் பழைய ஸ்லைடு பிலிம் கோடாக்ரோம் வேறு கதை. அதைக் கழுவிய கடைசி லேப், கான்சாஸின் பார்சன்ஸ் ஊரில் இருந்தது, 2010 டிசம்பர் 30-உடன் ரோல் வாங்குவதை நிறுத்திவிட்டது. அதை அலமாரி அழகுக்கு விற்கலாம், படமெடுக்க என்று விற்றால் ஏமாற்று.

மூடிய ஸ்டூடியோக்களிலிருந்து பெட்டி பெட்டியாக வரும் காலாவதிச் சரக்கை ஒரே எமல்ஷன் எண்ணாகப் பிரித்து, எண் ஒன்றுக்கு ஒரு ரோலை எடுத்துக் கழுவிப் பார்த்த பிறகே விலை போடுங்கள். பத்தாண்டுக்கு ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் என்ற வழக்கமான கணக்கு கலர் நெகட்டிவுக்கு ஓரளவு பொருந்தும். குறைந்த வேகக் கருப்பு வெள்ளை இருபது ஆண்டுக்குப் பிறகும் நன்றாக வரலாம். ஸ்லைடு பிலிம் மன்னிக்காது. சோதனை நெகட்டிவைப் படமெடுத்துப் போட்டு, எந்த வேகத்தில் எடுத்தது என்று எழுதினால் அதே ரோலுக்கு 100 ரூபாய் கூடக் கேட்கலாம். "ஃபிரிட்ஜில் இருந்தது" என்பதை உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் எழுதுங்கள்.

இவற்றை அமெரிக்காவுக்கு விற்கும் எண்ணம் இருந்தால், 800 டாலர் வரை வரியில்லை என்ற சலுகையை அந்நாடு 2025 ஆகஸ்ட் 29 முதல் எடுத்துவிட்டது. பழைய ஏற்றுமதிக் கணக்குகளை நம்பி விலை போடாதீர்கள்.

புகார் வந்தால்

ஒரு ரோலை இலவசமாக மாற்றிக் கொடுத்தால் 1,077 ரூபாயும் பேக்கிங், கூரியர் 95-ம் சேர்த்து 1,172. ஒற்றை ரோல் பார்சல் 42 விற்றால்தான் அது ஈடாகும். ஆகவே மாற்றிக் கொடுக்கும் முன் நெகட்டிவின் படத்தைக் கேளுங்கள், ஸ்கேனைக் கேட்காதீர்கள். நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஓரத்தோடு எடுத்த ஒரு போன் படம் போதும்.

ஓரத்தில் ஆலை அச்சிட்ட எண்களும் எழுத்தும் தெளிவாகத் தெரிந்து நடுவே மட்டும் காலியாக இருந்தால் பிலிமும் கழுவலும் சரி. ரோல் கேமராவில் நகரவே இல்லை, அல்லது ஷட்டர் திறக்கவில்லை. ஓர எண்ணும் இல்லாமல் முழுக்கக் கண்ணாடியாக இருந்தால் லேபின் டெவலப்பர் வேலை செய்யவில்லை. முழுக்கக் கருப்பு என்றால் வெளிச்சம் பட்டிருக்கிறது. அலை மாதிரி பட்டை ஒரே இடைவெளியில் ரோல் நெடுகத் திரும்பத் திரும்ப வந்தால் எக்ஸ்ரே. பட்டை எதுவும் இல்லாமல் ஓரம் உட்பட எல்லாம் சமமாகப் புகை மூடியது போல இருந்தால் வெயில் அல்லது வயது. கடைசி இரண்டும் உங்கள் பொறுப்பாக இருக்கலாம். பேசாமல் மாற்றிக் கொடுங்கள், அதே எமல்ஷன் எண்ணில் மீதியுள்ள ரோல்களையும் நிறுத்தி வைத்துச் சோதியுங்கள். நீங்கள் சுற்றிய ரோலில் ஓர எண் இருக்குமா, இருக்காதா என்பதைக் கேனுக்குக் கேன் குறித்து வைத்தால்தான் இந்தச் சோதனை அங்கே செல்லும்.

பொறுப்பு ரோலுக்கு மட்டும்தான், எடுத்த படத்துக்கு இல்லை என்பதைப் பக்கத்தில் முன்கூட்டியே எழுதுங்கள். கல்யாணத்துக்கு எடுத்துப்போன ரோல் கெட்டுவிட்டது என்று வருகிறவரிடம் அப்போது போய் விதியைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. 2020 மின்வணிக விதிகளின்படி திருப்பி எடுக்கும் நிபந்தனைகளும் குறைதீர் அலுவலரின் பெயரும் தளத்தில் இருந்தே ஆகவேண்டும்.

எப்போது மறு ஆர்டர்

50 ரோலில் போட்டது 53,826 ரூபாய். ஐந்தைந்தாக விற்று எடுத்தது 5,090. ஒரு சுற்றுக்கு ஒன்பதரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டு மாதத்தில் விற்று முடிந்தால் ஆண்டில் ஆறு சுற்று, 30,000 ரூபாய்க்கு மேல். எட்டு மாதம் இழுத்தால் ஆண்டுக்கு 7,600-தான். பிரபலம் என்று கேள்விப்பட்ட ரகத்தை 50 வாங்குவதைவிட, வாரம் ஆறு போகிறது என்று உங்கள் புத்தகம் சொல்லும் ரகத்தை 50 வாங்குங்கள். மீதி இருபத்தைந்து ரோலாகும்போது அடுத்த ஆர்டர் போனால் போதும். சுங்கத்தில் மூன்று வாரம் போனாலும் அலமாரி காலியாகாது.

காலாவதிக்கு ஓராண்டுக்கும் குறைவாக உள்ள ரோலை வாங்கும்போதே விலை குறைத்துக் கேளுங்கள், கொடுப்பார்கள். உங்கள் ஃபிரிட்ஜில் காலாவதிக்கு ஆறு மாதம் இருக்கும் ரோலை ஐந்து ரோல் கலவைப் பொதியில் தள்ளிவிடுங்கள், தேதியை மறைக்காமல். மூன்று மாதம்தான் இருக்கிறது என்றால் அடக்கத்துக்கே உள்ளூர் லேபுக்குக் கொடுத்துவிடுங்கள்: டெவலப், ஸ்கேனோடு சேர்த்து அவர்கள் ஒரு வாரத்தில் விற்றுவிடுவார்கள், உங்கள் முதல் அடுத்த ஆர்டருக்குத் திரும்பிவிடும்.